கரைக்காவல்: தீவுச் சுற்றுலாவில் பை பார்த்துக்கொள்ளுதல் குறித்து சைனிக்புரியிலிருந்து ஓர் ஆய்வு

அந்தமான் பயணத்துக்கு எந்த முகவர் கொடுக்கும் தாளை எடுத்துப் பார்த்தாலும் கடல் விளையாட்டுகளின் வரிசை ஒன்றுதான்: ஸ்நார்க்கலிங், ஸ்கூபா, சீ வாக், ஜெட் ஸ்கி, பனானா போட், பாராசெயிலிங், அடியில் கண்ணாடி பதித்த படகில் சவாரி. இந்த வரிசையில் ஒரு விளையாட்டு விடுபட்டிருக்கிறது. மேற்சொன்ன ஏழும் அதை நம்பித்தான் நடக்கின்றன. "அப்பா, நீங்க இங்கயே உக்காந்துக்கங்க. பையப் பாத்துக்கங்க. இதோ வந்துடறோம்" என்றதும் ஆட்டம் தொடங்கிவிடும். எப்போது முடியும் என்பது ஆட்டக்காரருக்குச் சொல்லப்படுவதில்லை. கட்டணம் கிடையாது, லைஃப் ஜாக்கெட் கிடையாது, கடைசியில் கையில் கொடுக்கும் சான்றிதழும் கிடையாது. கடற்கரை வாலிபாலுக்கு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆடப்போனவர்களின் செருப்பை அட்லாண்டாவில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைப் பதக்கப் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது. இந்த அநீதியைச் சற்றேனும் சரிசெய்வதே நம் நோக்கம். ஆய்வின் வசதிக்காக இந்த விளையாட்டைக் கரைக்காவல் என்று அழைப்போம்.

கடல் விளையாட்டை ஆராய சைனிக்புரியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஆட்சேபணை எழும். நியாயமானதுதான். செகந்தராபாத்துக்கு வடகிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேலான பீடபூமியில், கருங்கல் குண்டுகளுக்கு நடுவே இருக்கும் குடியிருப்பு இது. கடல் பார்க்க மசூலிப்பட்டினம் போவதென்றால் சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் காப்ரா ஏரி உண்டு. அதில் முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்க யாரும் இறங்குவதில்லை. தீவு என்று தேடினால் நகரத்தின் நடுவே ஹுசைன் சாகரில் ஜிப்ரால்டர் பாறை. அதன்மேல் 1992 முதல் புத்தர் நிற்கிறார். படகுகள் வருகின்றன, போகின்றன, அவர் இடம்விட்டு நகர்வதில்லை. கரைக்காவலுக்கு மிக நெருங்கிய நிலை என்றாலும், அவரிடம் யாரும் பையைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை என்பதால் அவரை ஆய்வில் சேர்க்க இயலவில்லை.

ஆனால் காவல் என்று வரும்போது சைனிக்புரிக்கு நிகர் சைனிக்புரிதான். ஓய்வுபெற்ற படையினருக்காக எழுந்த ஊர் இது. பக்கத்திலேயே விமானப்படையினரின் வாயுபுரி. ஒட்டினாற்போல ஏ.எஸ். ராவ் நகர், 1967-ல் தொடங்கிய இ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கியது. படையிலோ இ.சி.ஐ.எல்.லிலோ வேலை பார்த்து, ஊர் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஆங்காங்கே உண்டு. ஆக, ஒரு பக்கம் சென்ட்ரி டியூட்டி பார்த்த தாத்தாக்கள். இன்னொரு பக்கம் எல்.டி.சி. பயணச் சலுகையில் அந்தமான் பார்த்துவிடத் துடிக்கும் மத்திய அரசு ஊழியர்களான மகன்களும் மருமகள்களும். இவ்விரு தரப்பும் ஒரே விமானத்தில் ஏறும்போது கரைக்காவல் தானாகவே பிறந்துவிடுகிறது.

ஆய்வு முறை பற்றி ஒரு வார்த்தை. புள்ளிவிவரம் எதுவும் திரட்டப்படவில்லை. திரட்ட வேண்டுமானால் எழுந்து போய் நாலு பேரிடம் கேட்க வேண்டும். எழுந்து போனால் பை?

முன்வரலாற்றை முதலில் பார்த்துவிடுவோம். தீவு, நீர் விளையாட்டு, ஈர உடை, கரையில் ஓர் ஆள் என்ற நான்கும் சேர்ந்த சுற்றுலாவைத் தமிழர்கள் அந்தமான் பேக்கேஜ் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடத்தியிருக்கிறார்கள். ராமேஸ்வரம் தீவுதான், 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும்வரை படகில்தான் போக வேண்டும். அக்னி தீர்த்தத்தில் கடல் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். சொட்டச் சொட்ட ஓடுகிறவர்களின் மாற்றுத் துணி, பணம், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி வெளியே உட்கார்ந்திருப்பார். அவருக்குப் புண்ணியம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. திரும்பி வருகிறவர்கள் அவர் தலையில் இரண்டு சொட்டுத் தெளிப்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

இதற்கும் மூத்த சான்று இதிகாசத்தில் இருக்கிறது. அண்ணன் காட்டுக்குப் போனார். தம்பி அண்ணனின் பாதுகைகளை வாங்கிவந்து நந்திகிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். செருப்புக் காவலில் இந்தக் கால அளவை எட்டிய மற்றொருவரை நாம் அறியோம். காவலர் பற்றி அல்லாவிட்டாலும் காக்கப்பட்ட பொருள் பற்றி வேதாந்த தேசிகர் 1008 சுலோகங்கள் பாடிவைத்திருக்கிறார். இங்கே ஆய்வாளரை நிமிர்ந்து உட்கார வைக்கும் ஒரு தகவல். அந்தமானில் நீல் தீவு என்று இருந்து, 2018 டிசம்பர் 30-ல் ஷஹீத் தீவு என்று பெயர் மாறிய இடத்தில் ராம்நகர், சீதாபூர், லட்சுமண்பூர், பரத்பூர் என்று ஊர்களும் கடற்கரைகளும் இருக்கின்றன. இவற்றில் ஜெட் ஸ்கி, கண்ணாடிப் படகு, பனானா போட் எல்லாம் நடப்பது படகுத்துறைக்கு அருகிலுள்ள பரத்பூர் கடற்கரையில். அதாவது நாள் முழுக்கச் செருப்புகள் குவிந்து, அவற்றுக்கு ஒருவர் காவல் இருக்கும் கரைக்குப் பரதன் பெயர். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் இதை எண்ணிப் பெயர் வைத்திருக்க வழியில்லை. அதனாலேயே சான்றின் மதிப்பு கூடுகிறது.

மேற்கத்திய மரபிலும் சான்று இல்லாமலில்லை. ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய நீர்மூழ்கிச் சுவாசக் கருவி 1943 ஜூனில் பிரான்சின் தென்கரையில் முதன்முதலாகக் கடலில் இறங்கியது. கூஸ்தோ உள்ளே போனார். மனைவி சிமோன் முகமூடியுடன் மேலே மிதந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவிலேயே மூழ்குவதில் கைதேர்ந்தவரான ஃபிரடெரிக் தூமாவைக் கரையில் உட்கார வைத்தார்கள், ஆபத்து என்றால் குதிக்க. ஸ்கூபா பிறந்த நாளிலேயே திறமைசாலிக்குக் கிடைத்த இடம் கரைதான். இனி மருமகள் "மாமா, நீங்க இருந்தா எங்களுக்குத் தைரியம்" என்று சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

காவலர் எப்படித் தேர்வாகிறார்? யாரும் விண்ணப்பிப்பதில்லை. ஒவ்வொரு விளையாட்டும் தன் பங்குக்குச் சிலரைக் கழித்துக் கரையில் தள்ளுகிறது. முதல் கழிவு மூக்குக்கண்ணாடி. ஸ்நார்க்கலிங் முகமூடிக்குள் கண்ணாடி போட்டுக்கொள்ள முடியாது. முகமூடி வழியே பார்த்தால் நீருக்குள் இருப்பவை மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டத்திலும் தெரியும் என்கிறது ஒளியியல். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் வருவது. ஆனால் மைனஸ் ஆறு பவர்காரருக்கு மங்கலான மீன் பெரிய மங்கலான மீனாகத் தெரியும், அவ்வளவே. இரண்டாம் கழிவு ஸ்கூபா படிவம். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அது வரிசையாகக் கேட்கும். மற்றவர்கள் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் இல்லை என்று கோடு போட்டுவிட்டு ஃபின்ஸ் மாட்டப் போய்விடுவார்கள். நம்முடைய ஓய்வுபெற்ற சுபேதார் மட்டும் பேனா மூடியைப் பின்னால் செருகி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராம், காலையில் ஒன்று என்று பெரிய எழுத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் இடுவார். பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, "சார், நீங்க கொஞ்சம் அப்படி நிழல்ல உக்காருங்க" என்பார். நேர்மைக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்வோர் உண்டு. சொல்வோர் பனானா போட்டிலிருந்து தலைகுப்புற விழுந்தவர்களைப் பார்த்ததில்லை.

மூன்றாம் கழிவு புடவை. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி களத்துக்கு வருவோம். கரைக்காவல் சும்மா உட்கார்ந்திருப்பது என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்கு வானியலும் கடலியலும் தேவைப்படுகின்றன. கடல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அந்தமானில் நாளுக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். அதுவும் அடுத்த நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். லட்சுமண்பூரில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலத்தை நீர் வற்றும்போதுதான் நடந்து போய்ப் பார்க்க முடியும் என்று ஓட்டுநர்கள் காலையிலேயே அவசரப்படுத்துவது இதனால்தான். சரிவு குறைந்த மணலில் இரண்டு மீட்டர் ஏற்றம் என்றால் அலை வெகுதூரம் மேலே வந்துவிடும். பத்து மணிக்கு உலர்ந்த மணலில் வைத்த செருப்புகள் பதினொன்றரைக்கு மிதக்கும். அனுபவசாலி முந்தைய ஏற்றம் விட்டுச்சென்ற பாசிக் கோட்டைப் பார்த்து அதற்கு மேலே முகாம் அமைப்பார். அனுபவமில்லாதவர் காட்சிக்காக முன்னால் உட்கார்ந்து, பிறகு ஐந்து பைகளை இரண்டு கைகளில் தூக்கிக்கொண்டு பின்வாங்குவார். கடல் கீழேயிருந்து ஏறும்போது நிழல் பக்கவாட்டில் நகரும்: சூரியன் மணிக்கு 15 பாகை. ஆகவே பை மேலேயும் ஆள் இடப்பக்கமுமாக, மூலைவிட்டமாக நகர வேண்டியிருக்கிறது. காலையில் தென்னை மரத்தடியில் தொடங்கியவர் உணவு நேரத்தில் இளநீர்க்காரரின் வண்டிக்குப் பின்னால் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

நேரக் கணக்கும் வேறு. சைனிக்புரி 78 பாகைத் தீர்க்கரேகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. ஷஹீத் தீவு 93 பாகையில். கடிகாரம் இரண்டுக்கும் ஒன்று. சூரியன் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்திவிடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாயும். இது சைனிக்புரிவாசிகளுக்குப் பெரிய அனுகூலம். ஊரில் இருட்டு விலகுவதற்கு முன்பே கேன்வாஸ் ஷூவும் கைத்தடியுமாக நடைபோடுகிறவர்கள் அவர்கள். அந்தமானில் அதே நேரத்துக்கு எழுந்தால் வெயிலே வந்திருக்கிறது, நாள் வீணாகிறது என்று மற்ற அறைகளின் கதவைத் தட்டலாம். தட்டுகிறார்கள்.

பையின் உள்ளடக்கத்தைத் தொல்லியல் முறைப்படி அடுக்கு அடுக்காகப் பரிசீலிக்கலாம். மேலடுக்கில் ஈரத் துண்டு. அதன் கீழ் தொப்பி, சன் ஸ்கிரீன் ட்யூப், அதன் மூடி (தனியாக). நடுவில் எவர்சில்வர் சம்புடத்தில் சகினாலு. எள் போட்ட அந்தத் தெலங்கானா பலகாரம் சங்கராந்திக்குச் செய்தது, மீதம். பக்கத்து ஜிப்பில் படகு டிக்கெட்டுகளும் எல்லோருடைய ஆதார் அட்டைகளும். அடியில் மாத்திரை டப்பாவும் ஊரில் பூட்டிவந்த வீட்டுச் சாவியும். இவை எல்லாவற்றுக்கும் ஊடாக, எவ்வளவு உதறினாலும் போகாத மணல். பேரப்பிள்ளைகள் பொறுக்கிவந்து திணிக்கும் பவளத் துண்டுகளையும் சங்குகளையும் தனியாகச் சொல்ல வேண்டும். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. விமான நிலையத்தில் பிடிபட்டால் வம்பு. ஆகவே பிள்ளைகள் தண்ணீருக்குத் திரும்பிய மறுகணம் காவலர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் போட்டுவிட வேண்டும். சில சங்குகள் அவர் போடுவதற்கு முன்பே கால் முளைத்து நடந்துபோய்விடும். உள்ளே துறவி நண்டு குடியிருந்திருக்கும்.

2020 ஆகஸ்ட் 10 கரைக்காவல் வரலாற்றில் ஒரு திருப்பம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் போட்ட கண்ணாடி இழைக் கேபிள் அன்றுதான் அந்தமானுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகளில் செல்போன் பெரும்பாலும் கேமராவாக மட்டுமே வாழ்ந்தது. காவலர் நிம்மதியாகக் கடலைப் பார்த்தார். இப்போது பைக்குள் ஐந்து போன்கள், ஐந்தும் உயிரோடு. மருமகளின் போனில் சைனிக்புரி வாசலில் நிற்கும் கேஸ் சிலிண்டர்காரர் ஓ.டி.பி. கேட்கிறார். ஓ.டி.பி. மகன் போனுக்கு வந்திருக்கிறது. அதைத் திறக்க மகனின் கட்டைவிரல் வேண்டும். கட்டைவிரல் ஆறு மீட்டர் ஆழத்தில், தலையில் ஹெல்மெட்டோடு, ஒரு மீனுக்கு பிரெட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பேத்தியின் போனில் ஒரு தோழி. "ஆன்ட்டி இருக்காங்களா?" என்கிறாள். "யாரும்மா? இங்க தாத்தாதான் இருக்கேன். எல்லாரும் கடலுக்குள்ள போயிட்டாங்க" என்று அவர் சொல்ல, மறுமுனையில் நிலவிய அமைதி சற்று நீண்டதாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது அடையாளம் காணும் சிக்கல். "தாத்தா, நான் ஜெட் ஸ்கில போறப்ப வீடியோ எடுங்க" என்பது பணி ஆணை. ஆனால் கரையிலிருந்து பார்த்தால் கடலில் இருக்கும் எல்லோரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்தான். முகத்தில் முகமூடி, தலை நனைந்து ஒட்டியிருக்கிறது. குர்னூல்காரரையும் கொல்கத்தாக்காரரையும் சொந்தப் பேரனையும் பிரித்தறிய வழியில்லை. இரவு ஹோட்டல் அறையில் போட்டுப் பார்க்கும்போது, முன்பின் தெரியாத ஒருவரின் ஜெட் ஸ்கி சாகசம் முழுமையாகவும் மிகத் துல்லியமாகவும் பதிவாகியிருக்கும். பேரன் வரும் இடத்தில் காவலரின் கட்டைவிரல் பதிவாகியிருக்கும்.

கரைக்காவலுக்கு ஒரு கொள்ளளவு விதியும் உண்டு: ஒருவர் பை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பைகள் பெருகும். "அங்கிள், கொஞ்செம் மா பேக் கூட சூஸ்தாரா?" என்று தெலுங்கில் ஒரு குடும்பம் வரும். அதைப் பார்த்து இந்தியில் ஒன்று வரும். படையிலிருந்தவர் முகம் அப்படி; யாருக்கும் நம்பிக்கை வரும். முன்னாள் ஹவில்தார் ஒருவர் மாற்றார் பைகளை ஒரே கோட்டில் அடுக்கி, வாய்ப்பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி திருப்பி, செருப்புகளை ஜோடி ஜோடியாக முன்வரிசையில் நிறுத்தி அணிவகுப்பே நடத்திவிட்டார். தம் செருப்பைத் தாமே எடுக்க வந்தவரைக்கூட, "எது உங்களோடது? நிறம் சொல்லுங்க" என்று கேட்ட பிறகே விட்டாராம். இதன் மறுபக்கம் இருவர் காவல். ஆள் இரண்டு என்றால் பாதுகாப்பு இரட்டிப்பு என்று தோன்றும். நடைமுறையில் இவர் பார்ப்பதாக அவரும், அவர் பார்ப்பதாக இவரும் எண்ணி, இருவருமே ஒரு நாய் சகினாலு டப்பாவைத் திறக்கும் திறமையை வியந்துகொண்டிருப்பார்கள்.

கரைக்காவலில் இன்னும் தீர்க்கப்படாத பெரிய சிக்கல் கழிப்பறை. இளநீர் நிறையக் குடிக்க நேர்வதால் இது மேலும் கூர்மையடைகிறது. படையில் சென்ட்ரிக்கு இரண்டு மணி நேரம் முடிந்தால் ஆள் மாறுவார். நான்கு மணி நேரம் ஓய்வு. குடும்பத்தில் மாற்று ஆள் வருவதில்லை. வருவதாகச் சொன்னவர், "அந்த கிளாஸ் போட் ஒண்ணுதான் பாக்கி, தாத்தா, பத்தே நிமிஷம்" என்று ஓடிவிடுவார்.

இது விளையாட்டே அல்ல, வெறும் உட்கார்தல்தானே என்பார்க்கு: ஸ்நார்க்கலிங்கில் லைஃப் ஜாக்கெட்டும் ரப்பர் வளையமுமாக மிதக்கிறவரைப் பயிற்சியாளர் இழுத்துப் போகிறார், விளையாடுகிறவர் குனிந்து பார்ப்பதோடு சரி. பனானா போட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதே உழைப்பு. இவற்றோடு ஒப்பிட, ஐந்து பைகளை அலைக்கும் நிழலுக்கும் ஏற்ப நகர்த்தி, ஐந்து போன்களுக்குப் பதில் சொல்லி, நண்டையும் நாயையும் விரட்டி, கண்ணிமைக்காமல் மூன்று மணி நேரம் இருப்பவர்தான் அந்தக் கரையில் உடற்பயிற்சி செய்த ஒரே ஆள் என்பது நம் துணிபு. மறுப்போர் ஒரு நாள் செய்து பார்க்கலாம்.

இத்துறைக்கு எதிர்காலம் இல்லை என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். காரணம் லாக்கர். துணி மாற்றும் அறையோடு லாக்கரும் வைத்துவிட்டால் கரைக்காவல் அழிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். சைனிக்புரிக் குடும்பம் ஒன்று இதைச் சோதித்தும் பார்த்தது. பைகள், போன்கள், செருப்புகள், சம்புடம் எல்லாம் உள்ளே போயின. பூட்டியாயிற்று. "இன்னைக்கு நீங்களும் தண்ணில இறங்குங்க, தாத்தா" என்றார்கள். அவரும் வேட்டியை அவிழ்த்து அரைக்கால் சட்டையில் தயாரானார். அப்போதுதான் கையிலிருந்த லாக்கர் சாவியில் தொங்கிய சீட்டை மகன் கவனித்தார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதியிருந்தது: தொலைத்தால் ஐந்நூறு ரூபாய். கடலில் இறங்குகிறவர் யாரிடமும் அதை வைத்துக்கொள்ளப் பை இல்லை.

"அப்பா, இத மட்டும் கொஞ்சம் வச்சுக்கறீங்களா?"